பலகையில் நடந்த உன் பாட்டு

தம்பி,

இன்று காலை எங்கள் போட்டாதாங் ஆற்றுத் துறையில் நீலத்தில் மஞ்சள் சிலுவை போட்ட கொடியோடு ஒரு கப்பல் வந்து கட்டியது. அதன் கரிப்புகை மூக்கில் ஏறியதும் உன் சட்டை வாசம்தான் நினைவுக்கு வந்தது. உன் ஊர்க் கப்பலாயிற்றே என்று விசாரித்தேன். போன குளிரில் நெஞ்சுச் சளியால் நீ போய்விட்டாய் என்றான் ஒரு மாலுமி. சுவீடனில் உன் கவிதைகளைப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்களாம். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரர் எழுதுகிறார்.

கொதிகலன் பழுதாகி உன் கப்பல் இங்கே நின்ற மழைக்காலத்தில்தான் நாம் பழகினோம். அரிசி மூட்டை சுமக்கும் எங்கள் கூட்டத்துக்கு நான் பாட்டுக்காரன். நான் அடி எடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போட, கால்கள் ஒன்றாக விழும். முதல் நாள் உன்னைத் துரை என்று கூப்பிட்டேன். "துரை இல்ல. கரி அள்ளுறவன்" என்று கறுத்த கையை நீட்டினாய். கப்பல் கப்பலாக வேலை செய்த நம் ஆட்களிடம் நீ பொறுக்கிய தமிழ் அது.

மீன்குழம்பு ஊற்றிய பர்மிய மொகிங்கா விற்கும் கடையில் உட்கார்ந்து உன் கதை சொன்னாய். அப்பா கல்லுடைக்கும் வேலையில் பாறை வெடியில் செத்துப்போனவர். ராஜா வேண்டாம், நிலம் உழுகிறவனுக்கே சொந்தம் என்பாய். அதையே சொன்ன உன் கட்சிக்காரர்கள், ஊர்வலத்துக்கு நடைப்பாட்டு எழுதச் சொன்னதும் நீ கட்சியை விட்டு வெளியே வந்துவிட்டாய்.

"எல்லாக் காலும் ஒண்ணா விழுந்தா அது பட்டாளம், அண்ணே. என் பாட்டுல தாளம் இல்ல."

"தாளம் இல்லாத பாட்டா? எங்கே, சொல்லு."

சொன்னாய். நீ சொன்ன அர்த்தத்தை வைத்து மறுநாள் அதைத் தமிழாக்கி, மூட்டை சுமக்கும்போது பாடிப் பார்த்தேன். நாலு எட்டுக்குள் ஒருவன் முதுகில் ஒருவன் முட்டினான்.

"கரிக்காரன் பாட்டு நம்மள ஆத்துல தள்ளிரும் அண்ணே!" என்று எங்கள் கூட்டத்து மாடசாமி சிரித்தான். நீயும் சிரித்தாய். முகம் மட்டும் வாடியிருந்தது.

அப்புறம் விடாமழை; மூட்டைக்குத் தார்ப்பாய் போர்த்திச் சுமந்தோம். கரையிலிருந்து கப்பலுக்குப் போட்ட பலகை நனைந்து வழுக்கி, மாடசாமி இரண்டுக்கும் நடுவே ஆற்றில் விழுந்தான். நீதான் குதித்து இழுத்தாய். அவன் கால் முறிந்திருந்தது. அவனைத் தூக்கிப் போவதற்குள் மேஸ்திரி கத்தினார்.

"ஓட்டப்பாட்டு பாடுய்யா! இருட்டுறதுக்குள்ள ஏத்தணும்."

ஓட்டப்பாட்டு பாடினால் கால் ஓடும். ஓடினால் இன்னொருவன் விழுவான். பாடாமல் நின்றால் வேறு கூட்டத்தை இறக்கிவிடுவார். உன்னைப் பார்த்தேன். உன் பாட்டை எடுத்தேன்.

"ஆத்துக்கு மேஸ்திரி இல்ல.
மழை யாரைக் கேட்டுப் பெய்யுது?
என் காலு
என்னைக் கேட்டுத்தான் நகரும்."

அதற்கு ஓட எந்தக் காலாலும் முடியவில்லை. அவனவன் பலகையில் இடம் பார்த்து, ஊன்றி, பிறகு அடுத்த எட்டு வைத்தான்.

"என்னய்யா பாட்டு இது?"

"பாடிக்கிட்டுத்தான இருக்கோம், மேஸ்திரி!"

அன்று வேறு யாரும் விழவில்லை. நீ கரையில் நனைந்தபடி உன் பாஷையில் கூடப் பாடிக்கொண்டிருந்தாய்.

உன் புத்தகத்தில் அந்தப் பாட்டு இருக்கிறதா என்று மாலுமிக்குத் தெரியவில்லை. இல்லாவிட்டால் என்ன? மழை பிடித்தால் இந்தத் துறையில் அதுதான் பாட்டு. மேஸ்திரியே கேட்டு வாங்குகிறார். எந்த ஊர்ப் பாட்டு என்று கேட்கும் புது ஆட்களிடம், "கரி அள்ளுறவன் பாட்டு" என்கிறேன்.

இன்றும் மழைதான் தம்பி. உன் ஊர்க் கப்பலுக்கு அரிசி ஏறப் போகிறது. பலகை போட்டுவிட்டார்கள். பாடப் போகிறேன்.