உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில்

அண்ணி,

இன்று காலை பேருந்து நிலையத்தில் ஒரு பெண் நெல்லிக்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தட்டில் அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார். பார்த்ததுமே எனக்கு எச்சில் ஊறியது. எச்சிலே ஊறாமல் காய்ந்து கிடந்த என் பழைய வாய் நினைவுக்கு வந்தது. பின்னாலேயே நீங்களும் வந்துவிட்டீர்கள். ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பியவன், பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதுகூடப் பொய்தான். ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து வாசல்வரை போகிறேன், திரும்பி வந்து அடுத்த வரியைத் தேடுகிறேன். என் கால்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா?

எண்பதுகளின் கடைசி. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன், நீங்கள், நான் என்று மூன்று பேர் இருந்த வீடு. அண்ணனுக்கு ஜங்ஷன் பக்கத்தில் சைக்கிள் கடை. நீங்களும் நானும் ஒரே பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் சூளையில் சரக்கு அடுக்குவேன். நீங்கள் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுவீர்கள்.

முதல் தடவை அது என்னைப் பிடித்தது பெண்ணாடம் போகிற தனியார் பஸ்ஸில். ஒரு கல்யாணத்துக்காக நானும் அண்ணனும் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றுவிட, பஸ்ஸும் நின்றது. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் உள்ளே போகவில்லை. விரல்கள் மரத்துப்போயின. செத்துக்கொண்டிருக்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆட்களை மிதித்துத் தள்ளிக்கொண்டு கீழே குதித்து, ரோட்டோரத்தில் சட்டையைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாக அடங்கிவிட்டது. அண்ணனுக்கு என்னைவிட ஊர்க்காரர்கள் பார்த்ததுதான் பெரிதாக இருந்தது.

பிறகு சூளைக்குப் பக்கத்தில் வந்தது. முடிவெட்டும் கடையில், கழுத்தில் துணி கட்டியிருந்தபோது வந்தது. கடலூரில் ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், "ஹார்ட்டுல ஒண்ணுமில்லப்பா, போ" என்றார். ஒன்றுமில்லை என்றால் நான் ஏன் செத்துச் செத்துப் பிழைக்கிறேன் என்று அவரைக் கேட்கத் தெரியவில்லை. அண்ணனுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு. வேலைக்குப் போவ சோம்பல் இவனுக்கு" என்றார். நான் பஸ் ஏறுவதை நிறுத்தினேன். கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினேன். பழமலைநாதர் கோயிலில்கூட உள்ளே போகாமல் கோபுர வாசலிலேயே நின்று கும்பிட்டுத் திரும்பினேன். வந்துவிடுமோ, வந்துவிடுமோ என்று காத்திருப்பதே முழுநேர வேலையாகிவிட்டது.

நீங்கள் மட்டும் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தீர்கள். ஒருநாள் சாப்பாட்டு வேளையில், விரலில் கறுப்புச் சாயத்தோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தீர்கள்.

"தம்பி, எங்க பெரியக்காவுக்குக் கொழந்தை பொறந்தப்புறம் இப்பிடித்தான் இருந்துது. கெணத்தப் பாத்தா நடுங்குவா. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரில மனசுக்குப் பாக்குற டாக்டரு மாத்திரை குடுத்தாங்க. இன்னிக்கு அவ நாலு வூட்டுக் கதைய ஒத்தையா பேசுறா. நாம போயிட்டு வருவமா?"

"பஸ்ஸுல போவணுமே அண்ணி."

"போவணும்தான். நான் பக்கத்துல இருக்கறேன். முடியலன்னா எறங்கிடுவம், அடுத்த பஸ்ஸு புடிப்பம். அந்த ரோட்டுல பஸ்ஸுக்கா பஞ்சம்?"

வழியில் எத்தனையோ இடத்தில் இறங்கினோம். ஒவ்வொரு ஊர் நிறுத்தத்திலும் என்னோடு வெயிலில் நின்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சீட்டு கொடுக்கும் நேரம் முடிந்துபோயிருந்தது. அங்கிருந்த நர்ஸிடம் நீங்கள் என்ன சொன்னீர்களோ, உள்ளே விட்டுவிட்டார்கள். டாக்டர் அம்மா அவசரப்படாமல் கேட்டார். இது உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பொய்யும் இல்லை, இதற்குப் பெயர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. திரும்பும் வழியில் அவர் சொன்னதையெல்லாம் நீங்கள் உங்கள் பாஷையில் எனக்குச் சொன்னீர்கள்: "ரயிலு வராமயே ஒடம்பு கேட்ட மூடிடுதாம் தம்பி. அவ்வளவுதான்."

மாத்திரை உடனே கேட்கவில்லை. சில வாரமாகும் என்று டாக்டர் அம்மா முன்பே சொல்லியிருந்தும் எனக்குப் பொறுமையில்லை. முதலில் வந்தது வாய் வறட்சிதான். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், சோறு இறங்காது. அப்போதுதான் நீங்கள் நெல்லிக்காயைக் கீறி உப்பு தடவி, என் சட்டைப் பையில் போட்டு அனுப்ப ஆரம்பித்தீர்கள். மேஸ்திரியிடம் பேசி என்னைச் சூளையிலிருந்து மாற்றி, கதவோரத்தில் அச்சுக்கு மண்குழம்பு ஊற்றும் வேலைக்குப் போட வைத்தீர்கள். கதவு தெரிகிற இடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி என்பதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை.

அங்கேயும் வரும். நீங்கள் தூரிகையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவீர்கள். "பயப்படாதீங்க" என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் பயம் என்று கேட்டதும் இல்லை. ஏதாவது கதை சொல்வீர்கள். எதிர்வீட்டு ஆடு கோலப்பொடியைத் தின்றது, மேஸ்திரி மகள் மாப்பிள்ளையின் மீசையைப் பிடிக்கவில்லை என்றது, இப்படி. டாக்டர் அம்மா உங்களிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: எழுந்து ஓடவிடாதீர்கள், அது ஏறும், தானே இறங்கும், கூட இருங்கள். நீங்கள் கூட இருந்தீர்கள்.

மெல்ல மெல்ல இடைவெளி கூடியது. நான் ஒரு நிறுத்தம் வரைக்கும் தனியாக பஸ்ஸில் போய்வந்தேன். அந்த நேரத்தில்தான் டீக்கடையில் யாரோ அண்ணனிடம், "ஒந்தம்பிக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலயா பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எல்லாம் எடுத்துக்கொண்டுபோய் வாய்க்காலில் வீசினார். நாங்கள் வேலையிலிருந்து வந்து தேடியபோது, "இனிமே அது இந்த வூட்டுல இருக்கக் கூடாது. நாளைக்கு எவன் இவனுக்குப் பொண்ணு குடுப்பான்?" என்றார்.

மறுநாளுக்கு மறுநாள் எனக்குத் தலை சுற்றியது, குமட்டியது. பிறகு அது பழைய வேகத்தோடு திரும்பி வந்தது. கம்பெனியில், அத்தனை பேர் பார்க்க, அச்சுகளைத் தட்டிவிட்டு வெளியே ஓடினேன். அன்றைக்கு நான் எங்கே ஓடியிருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. ரயில்பாதைப் பக்கம் போய்க்கொண்டிருந்தவனை நீங்கள் பின்னாலேயே வந்து பிடித்தீர்கள். சத்தம் போடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடத்திக் கூட்டிவந்து, மறுநாள் விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்காவை எனக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு, நீங்களே தனியாக பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போய் மாத்திரை வாங்கிவந்தீர்கள்.

அண்ணன் கடையடைத்துவிட்டு வந்ததும் அவர் முன்னால் அதைப் பிரித்தீர்கள். உங்கள் குரல் உயரவே இல்லை.

"இது அடுப்பாங்கரையில உப்பு டப்பாவுக்குப் பக்கத்துலதான் இருக்கும். வர்றவங்க போறவங்க எல்லாரும் பாக்கட்டும். ஒங்களுக்கு வெக்கமா இருந்துதுன்னா நீங்க வெளிய போயி நில்லுங்க. தம்பிய நான் தண்டவாளத்துப் பக்கத்துலருந்து கூட்டிக்கினு வந்தேன், தெரியுமா ஒங்களுக்கு?"

அண்ணனுக்கு அது தெரியாது. சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அந்த மாத்திரையை அவர் தொடவில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் சாப்பிட்டேன். பிறகு டாக்டர் அம்மா சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் நீங்களே பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னீர்களாம். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் அவள் என்னிடம் சொன்னாள். "அக்கா மறைச்சிருந்தாங்கன்னா நான் பயந்திருப்பேன்" என்றாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் உங்கள் வயிற்றில் கட்டி வந்தது. அதே பாண்டிச்சேரி, அதே ஆஸ்பத்திரி, வேறு வார்டு. ஒருநாள் மதியம் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும் நேரம் என்று வார்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஒருவர்தான் கூட இருக்கலாம் என்றார்கள். உங்களை அந்தக் குழாய்களோடு பார்க்கத் தாங்காமல் அண்ணன் வெளியே நின்றுவிட்டார். நான் உள்ளே இருந்தேன். சாத்திய கதவு, மருந்து நெடி, ஓடாத மின்விசிறி. வருடக்கணக்காக வராதது வந்தது. கதவைத் தட்டித் திறக்கச் சொல்லி ஓடிவிடலாம் என்றுதான் எழுந்தேன்.

கண்ணை மூடிப் படுத்திருந்த நீங்கள், "தம்பி, வந்துடுச்சா?" என்றீர்கள்.

"ம்."

"என்னா பண்ணுது?"

"கையி மரத்துப் போவுது அண்ணி."

"போவட்டும். அந்தக் கைய இங்க குடுங்க."

ஊசி குத்தியிருந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பக்கத்துக் கட்டுலு அம்மா இருக்காங்களே, மருமவள வண்டி வண்டியா திட்டுறாங்க. அவ கொண்டாந்த கஞ்சிய மட்டும் ஒரு சொட்டு வுடாம குடிச்சிடறாங்க" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூச்சு எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை.

"போயிடுச்சி அண்ணி."

"ம். இப்ப எனக்கு இந்தத் தலவாணியக் கொஞ்சம் ஏத்தி வைங்க."

அவ்வளவு நேரமும் தலையணை சரிந்து உங்களுக்கு வலித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வாரமே போய்விட்டீர்கள்.

எனக்கு அது இப்போதும் எப்போதாவது வருகிறது. நான் உட்கார்ந்துகொள்கிறேன், அது போய்விடுகிறது. உங்களிடம் சொல்ல வேண்டியது வேறொன்று. அண்ணன் கடையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். இந்த வருடம் அது அவருக்கும் ஆரம்பித்தது. இதயத்தையெல்லாம் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரை இன்னும் சரியாகக் கேட்கவில்லை. போன வாரம் மத்தியான வேளையில் சட்டைப் பொத்தானை அவிழ்த்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தவர், என்னைப் பார்த்ததும், "டேய், செத்துடுவனாடா?" என்றார். நான் நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். உங்களைப் போல எனக்குக் கதை சொல்ல வராது, அண்ணி. என்ன பேசுவது என்று தெரியாமல் உங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் நடப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.