கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்

அன்பு மகள் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை முந்துகிறது, ஆனால் இந்த முறை பாதிச் சுகம் என்றுதான் எழுதவேண்டும். அப்பாவுக்கு வேலை போய்விட்டது, நம் கிணற்றை மூடிவிட்டோம், மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா. பதறிப்போய் ஃபோன் செய்யாதே, முழுவதும் படி. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே நீ வாதாட ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பெட்ரோல் பங்க்கை முதலாளி சார்ஜிங் நிலையமாக மாற்றப்போகிறார் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா. காற்றாலைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள் ஆயிற்றே, உனக்கு ஒரே சந்தோஷம். பூமிக்குள்ள இருக்கிற எண்ணெய் இன்னும் எத்தனை காலத்துக்கு வரும், புகையும் குறையும், நல்லதுதானேம்மா, எதைப் பார்த்தாலும் சந்தேகப்படாதே என்றாய். எண்ணெய் தீர்ந்துபோகும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சந்தேகமெல்லாம் முதலாளி மேல்தான். டயருக்குக் காற்றடிக்கிற குழாயைக்கூடப் பூட்டி வைக்கிற மனிதருக்குத் திடீரென்று உலகத்தின் மேல் இவ்வளவு கரிசனம் எங்கிருந்து வந்தது. தெருக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கூரை முழுக்கச் சூரியத் தகடு, கீழே வண்டிகளுக்கு மின்சாரம், ஓரத்தில் பூச்செடி என்று படம் போட்டுக் காட்டினார். நம்ம பிள்ளைங்க சுத்தமான காத்தைச் சுவாசிக்கணும் என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசியில், வேலை முடிகிறவரை தூசி பறக்கும், அதனால் பக்கத்து வீடுகளுக்குக் குடிக்கிற தண்ணீர் கேன் தன் செலவில் வரும் என்றார். அங்கேதான் எனக்கு உறுத்தியது. தூசி பறந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்லலாம், தண்ணீர் எதற்கு. சும்மா வந்த கேனை நான் தொடவில்லை, கிணற்றுத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கவனிக்க ஆரம்பித்தேன். மோட்டார் போட்டு ஒரு வாளி பிடித்து வெயிலில் வைத்தால் மேலே மெல்லிசாக ஒரு படலம், மயில் கழுத்து மாதிரி நிறம் மாறுகிறது. பங்க்குக்குப் பக்கத்திலேயே இருந்து இருந்து நம் மூக்கெல்லாம் மரத்துப்போய்விட்டது, அதனால் பேக்கரி நடத்துகிற அக்காவைக் கூப்பிட்டு முகரச் சொன்னேன். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, இதிலயா சமைக்கிறே என்றாள். உன் அண்ணன் மகள் வாலுவுக்கு உடம்பெல்லாம் தடித்துத் தடித்து வந்ததே, டாக்டர் சோப்பை மாற்றச் சொன்னார், நாங்களும் மாற்றிக்கொண்டே இருந்தோம். அது நினைவுக்கு வந்ததும் அந்த வாளியை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தேன்.

அடுத்து வந்த சந்தேகத்தை உனக்கு எழுதவே கூசுகிறது. அந்தப் பங்க்கில் அப்பாதானே சூப்பர்வைசர். பூமிக்குள் புதைத்திருக்கிற தொட்டியில் கம்பியை விட்டு, பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று தினமும் பார்க்கிறவர் அவர். தொட்டி ஒழுகினால் முதலில் தெரியவேண்டியதும் அவருக்குத்தான். அன்றிலிருந்து அவர் மேலும் ஒரு கண் வைத்தேன். வாலுவின் பாட்டிலில் கேன் தண்ணீரை அவரே நிரப்புகிறார். அவளைக் குளிப்பாட்டவும் அதையே எடுக்கச் சொல்லி உன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார், கேட்டதற்குத் தூசிக்காக என்றாராம். என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை இல்லை. கண்ணெதிரே நான் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தபோதெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தவர்தான். சாப்பிடும்போது நேராகவே கேட்டேன், தொட்டி ஒழுகுகிறதா என்று. உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம் என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. சாப்பாட்டை வீணாக்குகிறவரா உன் அப்பா.

பிறகு பங்க்கில் வேலை தொடங்கியது. பழைய தொட்டியை எப்போது வெளியே எடுப்பீர்கள் என்று அங்கிருந்த கான்ட்ராக்டரிடம் விசாரித்தேன். எடுத்தா செலவும்மா, உள்ளே மண்ணைக் கொட்டி மேல கான்கிரீட் ஊத்திடுவோம், அது பாட்டுக்குக் கிடக்கும் என்றார். தகடும் பூச்செடியும் எதை மூடிமறைக்க என்று எனக்கு விளங்கிவிட்டது. கான்கிரீட் கலக்கிற லாரி வந்த காலையில் சமையலறை முக்காலியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டிக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பேக்கரி அக்கா கடையைச் சாத்திவிட்டு வந்தாள், அவளைப் பார்த்துத் தெருவும் வந்தது. லாரிக்காரர் கலவை இறுகிடும், சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்க என்று கத்துகிறார். முதலாளி வந்து, நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிக்கறீங்களே, இன்னும் புகையையே குடிச்சுக்கிட்டு இருக்கணுமா என்று எங்களையே குற்றவாளி ஆக்கினார். தகடு வையுங்க, சார்ஜ் போடற கம்பத்தை நட்டுக்குங்க, யார் வேண்டாம்னா, தொட்டியை வெளியே எடுத்துக் காட்டிட்டு ஊத்துங்க என்றேன். அவர் அப்பாவைக் கூப்பிட்டார். தொட்டியில ஒரு குறையும் இல்லைன்னு நீங்களே சொல்லி உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போங்க என்றார்.

அப்பா வந்து நின்றார். என்னைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். பொய் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், சின்னு, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. பிறகு முதலாளி பக்கம் திரும்பி, ஒழுகுது, மழைக்கு முன்னாடியே உங்ககிட்ட சொன்னேன், மாத்திடலாம்னீங்க, மாத்தலை என்றார். குரல் உயரவே இல்லை, ஆனால் தெரு முழுக்கக் கேட்டது. நீங்க இனிமே வரவேண்டாம் என்றார் முதலாளி. அப்பா சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பேக்கரி அக்கா நகராட்சிக்கும் தீயணைப்புக்கும் ஃபோன் போட்டு ஆட்களை வரவழைத்துவிட்டாள். தோண்டத் தோண்ட மண் கருகருவென்று வந்தது, தொட்டியின் அடி துருப்பிடித்து அரித்துப்போயிருந்தது. இந்தத் தெருவில் எந்தக் கிணற்றையும் இப்போதைக்குத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டால் பதில் இல்லை. தண்ணீர் லாரியில் வருகிறது. முதலாளி மேல் வழக்கு இருக்கிறது, தகடும் வரத்தான் போகிறது. அந்தக் கரி மண்ணை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன், தள்ளித்தாம்மா என்றார்கள். தள்ளி என்றால் யார் வீட்டுக்குப் பக்கத்தில். நானும் அக்காவும் அவள் பன் கொண்டுபோகிற வண்டியில் லாரிக்குப் பின்னாலேயே போனோம். வேலி போட்ட இடத்தில், தடிமனான விரிப்புக்கு மேலேதான் கொட்டினார்கள். இருந்தாலும் சொல்லாமல் இன்னொரு தடவை போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.

உன் கம்பெனியைக் குறை சொல்லவில்லை. ஆனால் காற்றாலை நடுகிற இடத்தில் முன்னால் யார் இருந்தார்கள், இறக்கை தேய்ந்துபோனால் எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள் என்று கேட்டு வை. இதைக் கேட்டால் வேலைக்கு ஆபத்து என்று தோன்றினால் கட்டாயம் கேள்.

அப்பாவிடம் ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று கேட்டேன். சொன்னா நீ சும்மா இருக்கமாட்டே, வேலை போயிடும்னு பயந்தேன், ஆனா நீ குடிச்ச தண்ணியைத்தான் நானும் குடிச்சேன் என்றார். பெருமையாகச் சொன்னாரா வெட்கத்தோடு சொன்னாரா என்று பிடிபடவில்லை. சேர்ந்து குடிக்கவா உங்களைக் கட்டிக்கிட்டேன், குடிக்காதேன்னு சொல்றதுக்குத்தானே என்றேன். இப்போது லாரித் தண்ணீரை அவரே பிடித்து வந்து எனக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறார். நான் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன். குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நிற்கிறார்.

வாலுவுக்குத் தடிப்பு அடங்கிவிட்டது. எங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பயப்பட ஒன்றும் இல்லையாம், அதையும் வேறொரு டாக்டரிடம் காட்டப்போகிறேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்கவேண்டும். அப்பாவிடம் பேசும்போது வேலையைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவராகச் சொல்லட்டும். என்ன சொல்கிறார் என்று மட்டும் எனக்குத் தனியாகச் சொல்.

உன் அம்மா