நாற்காலிகள் வெளியே போன வீடு

ஜூன் 3

இனோங்கே வழக்கில் வாதம் முடிந்தது. லுசாகா சந்தையில் கருவாட்டுக் கடை. கணவன் செத்ததும் கொழுந்தன் கடையோடு அள்ளிக்கொண்டு போனான். கீழ்க்கோர்ட்டில் தோற்று, மேல்முறையீட்டுக்கு நான் நீதிபதியாக இருக்கும் கோர்ட்டுக்கு வந்திருக்கிறாள். எதிர்த்தரப்பு வக்கீல் சுற்றிச் சுற்றிச் சொன்னது ஒன்றுதான்: "எடுத்துட்டுப் போறப்ப அந்தம்மா பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க, மை லேடி. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லலியே." சின்னப் பையன், தொண்டை மட்டும் பெரிது.

ராத்திரி வீட்டில் என் கணவர் கபாசா சுட்ட மீனில் உப்பு அதிகம். சொன்னேன். முறைத்தார்.

ஜூன் 11

கபாசா போய்விட்டார். காலையில், குளியலறையில். மாரடைப்பு என்கிறார்கள்.

ஜூன் 12

துக்க வீடு. வழக்கப்படி சோபா, மேசை, கட்டில் எல்லாம் வெளியே போயின. பெண்கள் உள்ளே தரையில், ஆண்கள் முற்றத்தில் நெருப்பைச் சுற்றி. "தூக்கிடலாமா, அண்ணி?" என்று நாத்தனார் சோலா கேட்டாள். தலையாட்டினேன். அழுகை வரவில்லை. வருகிறதா என்று எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

ஜூன் 17

புதைத்தாயிற்று. வெளியே போன சாமான் உள்ளே வரவில்லை, சோலா கொண்டுவந்த லாரியில் ஏறியது. அவருடைய சட்டைகள்கூட. கார் சாவியை என் கைப்பையிலிருந்தே எடுத்தாள் சோலா. பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தவர் வீட்டுச் சாமானைச் சொந்தக்காரர் அள்ளுவது குற்றம். சட்டம் மனப்பாடம் — வாய் எங்கே போச்சு?

ஜூலை 2

கோர்ட்டுக்குப் போனேன். இனோங்கேயின் வழக்குக் கட்டைத் திறந்து வைத்தேன். தீர்ப்பில் ஒரு வரி எழுதவில்லை.

ஜூலை 9

என் வீட்டிலும் இதே நடந்திருக்கிறது, இந்த வழக்கை நான் தீர்ப்பது முறையல்ல என்று எல்லோர் முன்னாலும் சொல்லி விலகிக்கொண்டேன். இனோங்கே எழுந்தாள். "நீங்களும் கைவிட்டா நான் யாருகிட்டம்மா போவேன்?" வேறு நீதிபதி கேட்பார் என்றேன். அது ஒரு பதிலா?

திரும்பும் வழியில் போலீஸ் நிலையத்தில் சோலா மீது புகார் கொடுத்தேன்.

ஜூலை 15

தலைமை நீதிபதி முவீங்கா கூப்பிட்டார். "புகார வாபஸ் வாங்கிடுங்கம்மா. அப்பீல் கோர்ட்டு நீதிபதி பதவிக்கு உங்க பேரு போயிருக்கு. சாட்சிக் கூண்டுல ஏறின நீதிபதிய யாரு மேல ஏத்துவாங்க?" டீ நன்றாக இருந்தது. குடித்துவிட்டு, முடியாது என்றேன்.

சாயங்காலம் சோலா போனில் கத்தினாள்: "எங்கண்ணன் சம்பாத்தியம் அது! நீங்கதானே தலையாட்டுனீங்க? இப்ப போலீசா? வெக்கமா இல்ல?"

இல்லை. கோபமும் இல்லை. ஒன்றுமே இல்லை. நாற்காலி இல்லாத வீட்டில் நின்றுகொண்டே நிஷிமா, அதே சோளமாவுக் களி, தின்கிறேன்.

செப்டம்பர் 4

அப்பீல் கோர்ட்டுப் புது நீதிபதிகள் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை.

அக்டோபர் 21

சோலா மீதான வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். மாஜிஸ்திரேட்டுக்கு முப்பதுகூட இருக்காது. என் கண்ணைப் பார்க்காமல் சத்தியம் வாங்கினாள். சோலாவின் வக்கீல் கேட்டார்: "சட்டம் கரைச்சுக் குடிச்சவங்க நீங்க. சாமான தூக்குறப்ப ஏன் பேசல?"

தலையாட்டியது துக்கத்துக்கு, தானம் கொடுக்க அல்ல — இப்படி ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை.

"அவரு செத்துட்டாரு" என்றேன்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா. பதிவாகணும்" என்றாள் மாஜிஸ்திரேட்.

சத்தமாகச் சொன்னேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. கோர்ட் முழுக்கக் கேட்கும்படி அழுதேன். எதிரே குற்றவாளிக் கூண்டில் சோலாவும் அழுதாள்.

கொஞ்ச நேரம் ஒத்திவைத்தார்கள். முகம் கழுவிவிட்டு மறுபடி ஏறி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.