மாதா விளக்குக்குப் போகும் வயர்

12 பிப். 1974, செவ்வாய்

வாடைக் காற்று. காயப்போட்ட சேலையெல்லாம் உப்பு. எங்கள் தோணியில் எஞ்சின் வயர்களைச் சோதிக்கும் வேலை இன்று ஆரம்பம். எஞ்சின் பழசு, வயர் அதைவிடப் பழசு. சனிக்கிழமை கொழும்புக்குப் பயணம். அண்ணனுக்கு முதல் பயணம். எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் அவன் படுக்கை.

பெண்கள் தோணியில் கால் வைக்கக் கூடாது. அதனால் நான் கரையில், எஞ்சினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தோடு. எலக்ட்ரீஷியன் பொன்ராசு அண்ணாச்சி உள்ளேயிருந்து கேட்பார், நான் தமிழில் கத்துவேன். தோணி ஓட்டும் சேவியர் மாமா: "ஏளா, பூசை வாசகம் மாதிரி இழுக்காத!" ஒரே சிரிப்பு. எனக்கும் உள்ளூரப் பெருமை. படித்த பிசிக்ஸுக்கு முதல் உபயோகம்.

13, புதன்

வாங்க: பியூஸ், டேப், சிவப்பு வயர். என் தலைக்கு நல்லெண்ணெய்.

கோளாறு தெரிந்துவிட்டது. தோணியின் முன்பக்கம் மாதா படம், அதன் முன் சின்ன பல்பு. அதற்கு யாரோ பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்திருக்கிறார்கள், நடுவில் பியூஸ் இல்லாமல். உறை நைந்து செம்பு தெரிகிறதாம். பலகை ஓரிடத்தில் கருகல்.

மாற்ற வேண்டுமானால் விளக்கை அணைக்க வேண்டும். பங்குச் சாமியார் தோணியை மந்திரித்த பிறகு, கரை சேரும்வரை அது அணையக் கூடாது. ஞாயிறே மந்திரித்தாயிற்று.

சேவியர் மாமா: "ஏலே பொன்ராசு, மாதாவை இருட்டுல வச்சிட்டுக் கடலுக்குப் போகச் சொல்லுதியோ? திருச்செந்தூர் முருகனுக்குன்னா அணைப்பியாலே?"

அப்பா: "மத்ததைப் பாருங்க அண்ணாச்சி. அது கிடக்கட்டும்."

அண்ணாச்சி எட்டி என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ சொல்லு. புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

அந்தப் பக்கம்தான் கையில் திறந்திருந்தது. எந்த வயருக்கும் பியூஸ் வேண்டும், முதல் வரியே அதுதான். அத்தனை முகமும் என் மேல்.

"விளக்கைப் பத்தி ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

14, வியாழன்

நெய்மீன் குழம்பு.

மற்ற வயரெல்லாம் மாற்றியாயிற்று. அண்ணாச்சிக்குக் காபி கொண்டுபோனேன். வேண்டாம் என்றார். அவர் போனதும் சேவியர் மாமா: "முருக பக்தன் மாதா வயரைப் பிடுங்கப் பாத்தான், பாத்தியளா?" அப்பா சிரித்தார். நானும். இதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன்.

வாசித்துக்கொண்டிருந்த நாவலில் கதாநாயகி ரொம்பத் தைரியசாலி. மூடி வைத்துவிட்டேன்.

15, வெள்ளி

காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அண்ணாச்சி சொன்னதுதான் சரி, புத்தகத்திலும் அதுதான், நான் மறைத்தேன்.

"அன்னைக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா?" பிறகு, மெதுவாக, "ஒரே மகன்ளா."

அடுக்களையிலிருந்து அம்மா: "ஒரு மெழுகுவத்தியப் பொருத்தி வச்சிட்டு மாத்த வேண்டியதுதான? பல்புதான் வேணும்னு மாதா கேட்டாளாக்கும்?"

அவ்வளவுதான் விஷயம். ஒரு மெழுகுவத்தி.

அப்பாவே சைக்கிளில் மாப்பிள்ளையூரணியில் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் அவரை அழைத்து வந்தார். காற்றில் திரி அணையாமல் சேவியர் மாமா இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாராம். மதியத்துக்குள் புது வயர், பியூஸோடு.

இறங்கி வந்தவரிடம், "அண்ணாச்சி, அன்னைக்கு நான்..."

"வெயில் ஏறுது பாப்பா. புத்தகத்தை வீட்டுல வச்சிரு. இனி அது எனக்கு வேண்டாம்."

16, சனி

நல்ல காற்று. பாய் ஏற்றிவிட்டார்கள். மாதா பல்பு எரிவது தெரிகிறதென்று அம்மா. அண்ணன் கையசைத்துக்கொண்டே இருந்தான்.

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் பொன்ராசு அண்ணாச்சி. அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். தோணியைக் கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார். அவரும் தோணிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.