வண்டிய எடுக்காதீங்கப்பா

அன்பு மகள் வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தினமும் நினைப்பு. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளை நாளை என்று அலைக்கழிக்கிறார். உன் படம் வந்த பத்திரிகையை அம்மா பால்காரர் முதல் பல் டாக்டர் வரை காட்டிவிட்டாள். மூழ்கிக்கொண்டிருந்த கார் கம்பெனியைக் கரையேற்ற வந்தவள் என்று போட்டிருக்கிறார்கள். பழைய தலைவர் நைசாகக் கழன்றுகொண்ட நாற்காலியில் நீ துணிந்து உட்கார்ந்தாய், எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படத்தில் உன் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, நான் அனுப்புன வண்டிய எடுக்காதீங்கப்பா, ஷெட்லயே நிக்கட்டும், காரணம் கேக்காதீங்க, ஒரு மூணு மாசம் போகட்டும் என்று சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவோ, என் கண்பார்வைக்குப் பயந்து மகள் சொல்கிறாள் என்று பூரித்துப்போய்ச் சாவியை மாவு டப்பாவில் ஒளித்துவைத்தாள், கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் பிரேக் பார்த்தவனிடம் காரணம் கேட்காதே என்றால் கை சும்மா இருக்குமா, ஜாக்கி போட்டுத் தூக்கிக் கீழே படுத்துப் பார்த்தேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ் ஒரு தகட்டு விளிம்பில் உரசுகிறது. நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியில் அது பாதி தேய்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் ஓடினால் ஒருநாள் பிரேக்கை மிதித்தால் கால் தரைவரைக்கும் போகும், வண்டி நிற்காது. உனக்கு இது தெரியும். தெரிந்துதான் எங்களை மட்டும் தடுத்தாய்.

மூன்று மாசம் எதற்கு என்பதும் புரிகிறது. பத்திரிகையில் போட்டிருக்கிறபடி புதிதாகப் பணம் போட வருகிறவர்கள் அதற்குள் கையெழுத்துப் போட வேண்டும், இப்போது வண்டிகளைத் திரும்ப வரவழைத்தால் அவர்கள் ஓடிவிடுவார்கள், கம்பெனியை இழுத்து மூடினால் எட்டாயிரம் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். அவர்களை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய், உன் நாற்காலிக்காக இல்லை என்று நம்பத்தான் ஆசைப்படுகிறேன். ஆனால் எதிர்வீட்டு டெய்லரம்மா உன்னை நம்பித்தானே அதே வண்டியை வாங்கினாள். எடுக்காதே அம்மா என்று போய்ச் சொன்னேன், ஹோஸையும் கழற்றி எடுத்துப்போய்க் காட்டினேன். உங்க பொண்ணு கம்பெனி வண்டியில கோளாறு இருந்தா அவங்களே சொல்லியிருக்க மாட்டாங்களா, உங்களுக்கு வயசாயிடுச்சுண்ணே என்று சிரித்து, டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறாள். மலையில் வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கை ஒடித்தாக வேண்டும். பயமாக இருக்கிறது வாயாடி, உன்னை நினைத்தும் பயமாக இருக்கிறது.

போன் செய்தால் உன் செக்ரட்டரிதான் எடுக்கிறார், மேடம் மீட்டிங்கில் இருக்கிறார் என்கிறார், அதனால்தான் கூரியரில் இதை அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை பார்ப்பேன். அதற்குள் நீயே ஊரறியச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் கழற்றிய ஹோஸை எடுத்துக்கொண்டு வண்டிகளைச் சோதிக்கிற அரசாங்க ஆபீசுக்குப் போவேன். கம்பெனிக்கு இது முன்பே தெரியுமா என்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என் மகள் போனில் சொன்னாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அதற்கப்புறம் உன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீ நல்லா இருக்கணும் அம்மா, நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நடக்கணும். டெய்லரம்மாவின் போன் நம்பரைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், நீ சொன்னால்தான் கேட்பாள். அவர்கள் கிளம்புவது சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, மறந்துவிடாதே.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அப்பா