இரவுப் படகு கேட்டுப் போனவள்

14.7.1972, வெள்ளி

தலைமைப் பயிற்சியில் முன்பு தேறிய நாங்கள்தான் இப்போது புதியவர்களுக்குச் சம்பளமில்லாமல் வழிகாட்டுகிறோம். இன்று பேச வந்தவர் என்னோடு பயின்ற சிவபாலன். பிள்ளைப்பேற்றுக்குத் தவிக்கும் கிண்ணியாப் பெண்களை அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, இரவுப் படகு கேட்டுத் தான் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போனதாகச் சொன்னார். போனவள் நான். அதைத் தன் வேலையென்று சொல்லித்தான் அன்று கொழும்பு மேற்பயிற்சிக்குத் தெரிவானார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு எழும்பிச் சொன்னேன்: “அண்ணை, நாளைக்கு இந்தப் பிள்ளையளைக் கிண்ணியாவுக்குக் கூட்டிக்கொண்டு போவம். நீங்கள் போன வீடுகளைக் காட்டுங்கோ.”

பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். அவர் தண்ணீர் கேட்டார்.

தேநீர் நேரத்தில், நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த குசினிப் பக்கம் வந்தார்.

“தங்கச்சி, பழைய கதையை விடுமன். எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது.”

“எனக்குத் தெரியும் அண்ணை. சொல்லி அனுப்பிப்போட்டன்.”

“நிப்பாட்ட ஏலாதோ?”

“ஏலாது.”

முதல் வீடு, எனக்கு அக்கா போன்ற பாத்தும்மா ராத்தாவுடையது. படகு கிடைக்காத ஓர் இரவில் மகளைப் பறிகொடுத்தவர். அவர் முன்னால் சிவபாலன் வாய் திறப்பதை நான் பார்க்க வேண்டும். ராத்தாவுக்கும் நோகும். அது தெரிந்தும் நான் இன்னும் நிறுத்தவில்லை.