ஹாம்பர்க்கிலிருந்து வந்த போன்

மார்ச் 4, செவ்வாய்

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். கானா நாட்டில், இந்தக் குமாசியில் கரண்ட் போய்வருகிற லட்சணத்துக்கு என் கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துவிடும் என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறேன். இன்று படுத்துவிட்டது. நீலத்திரை. விண்டோஸ் ஃபைல்கள் கெட்டுவிட்டனவாம், ஹார்ட் டிஸ்க்கிலும் கோளாறாம். பதினோரு வருடமாக நான் அடித்த சாவுப் போஸ்டர்களின் படங்கள் உள்ளே. நாலாயிரம் முகம். சரி, அறுநூறு இருக்கும்.

மார்ச் 5

கோனாடு வந்தாள். பக்கத்துச் சந்தில் வாழைக்காய் சுட்டு விற்பவள். போன மாதம் செத்த அவள் கணவன் அஜிமானுக்கு, எங்கள் ஊர் வழக்கப்படி, வரும் பதினைந்தாம் தேதிதான் இறுதிச் சடங்கு. போஸ்டர் ஒட்டாமல் எந்த வீட்டில் சடங்கு நடக்கும்? அவனுடைய ஒரே படம் நான் எடுத்ததுதான்.

"மாமா, படம் பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு. மெஷின் ஓய்வெடுக்குது."

"ஓய்வா? என் பொட்டி சாகவே சாகாதுன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே."

"தெரு தப்பாக் கேட்டிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. அதனால் ஹாம்பர்க்கில் இருக்கும் என் அக்கா மகன் போவாச்சி போனில் வழி சொல்வான் என்றேன். அவள் எதிரிலேயே போன் வந்தது, பேசினேன்.

மார்ச் 6

போவாச்சி சொன்னபடியே கறுப்புத் திரையில் கட்டளை அடித்தேன். முதலில் டிஸ்க்கைச் சரிபார்க்க வேண்டும், பிறகுதான் விண்டோஸை. "நடுவுல அணைச்சா எல்லாம் போயிடும் மாமா" என்றான். கரண்ட்டை நம்பாமல் லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் மாட்டினேன்.

மார்ச் 7

பதினோரு சதவீதம்.

மார்ச் 8

பதினோரு சதவீதம். கடைக்கு யாரும் வரவில்லை. டிஸ்க் கரகரவென்கிறது. அதுவும் ஒரு பேச்சுத்துணைதானே?

மார்ச் 10, திங்கள்

முடிந்தது. மீண்டதையெல்லாம் ஒரு ஃபோல்டரில் குவித்திருக்கிறது. எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். இது மீன்கார அடோமா. இது சர்ச்சில் டிரம் அடித்தவர். எல்லோரையும் எனக்குத் தெரிந்தது. நூற்றுமூன்று, என் அக்கா. அதை உடனே மூடவில்லை. பகல் முழுக்க இவர்களோடுதான் இருந்தேன். நல்ல கூட்டம், யாரும் குறுக்கே பேசவில்லை.

மார்ச் 11

நானூற்றுப் பன்னிரண்டு. அஜிமான். மார்புக்குக் கீழே படம் கெட்டு வெறும் சாம்பல் நிறப் பட்டை. முகம் முழுசாக இருக்கிறது.

கோனாடு வெகுநேரம் பார்த்தாள். "சிரிக்கிறாரு. வீட்டுல சிரிச்சதே இல்ல இந்த ஆளு."

"நான் சொன்ன ஜோக் அப்படி."

"ஜெர்மனிக்குப் போன் போடுங்க மாமா. அந்தப் பிள்ளைகிட்ட நான் பேசணும்."

"வேலையில இருப்பான்."

மார்ச் 15, சனி

தெரு முழுக்க அஜிமான் சிரிக்கிறான். சடங்கில் மைக் பிடித்தவர், ஹாம்பர்க் போவாச்சிக்கு நன்றி என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான்தான் பலமாகத் தட்டினேன்.

இதை யார் படிக்கப்போகிறார்கள், எழுதிவிடுகிறேன். அன்று கோனாடு எதிரில் எந்தப் போனும் வரவில்லை. அக்கா போன பிறகு, மூன்று வருடமாகவே வரவில்லை. அந்த எண்ணை அடித்தால் ஒரு பெண் ஜெர்மன் பாஷையில் ஏதோ சொல்கிறாள். கறுப்புத் திரையில் வந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தது, அடித்தது, காத்திருந்தது எல்லாம் நான்தான்.